உங்கள் முதல் அசிமோவ் எது? (என்னுடையதில் கடைசிப் பக்கங்கள் இல்லை)

#1 நடுப்பக்கம்

அறிவியல் புனைவு எழுத்தாளர் ஐசக் அசிமோவைப் படித்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அவருடைய புத்தகங்களில் முதலில் படித்தது எது, எப்படிக் கையில் கிடைத்தது, அதோடு விட்டீர்களா அல்லது தேடித் தேடிப் படித்தீர்களா?

கேட்பதில் எனக்கு ஒரு சுயநலம் உண்டு. நான் படித்த முதல் அசிமோவின் பெயரே எனக்குத் தெரியாது. பதினைந்து வயதில் ஒரு நீண்ட ரயில் பயணம். எதிர் இருக்கையில் யாரோ விட்டுவிட்டுப் போன புத்தகம். அட்டை இல்லை, தலைப்புப் பக்கம் இல்லை. முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த காகிதத்தில் ஆசிரியர் பெயர் மட்டும் பாதி தெரிந்தது.

கதை இதுதான். பூமியில் எல்லோரும் கூரை போட்டு மூடிய பிரம்மாண்டமான நகரங்களுக்குள் வாழ்கிறார்கள். வெளியே வானத்தைப் பார்த்தாலே அவர்களுக்குக் குலை நடுங்கும். ஒரு கொலை நடக்கிறது. விசாரிக்கும் போலீஸ்காரனுக்குக் கூட்டாளியாக ஒரு ரோபோவை அனுப்புகிறார்கள், பார்த்தால் அச்சு அசல் மனிதன். செருப்புக் கடையில் ரோபோ பணியாளர்களை எதிர்த்துக் கலவரம் கிளம்பும்போது, இந்த ரோபோ நாற்காலி மேல் ஏறி நின்று துப்பாக்கியைக் காட்டிக் கூட்டத்தை அடக்கும். மனிதனை அதனால் சுடவே முடியாது, ஆனால் கூட்டத்துக்கு அது தெரியாது. அந்த இடத்தை நான் ரயிலிலேயே மூன்று முறை படித்தேன்.

முடிச்சு அவிழப்போகிற இடத்தில் பக்கங்கள் தீர்ந்துவிட்டன. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கொலை செய்தது யார் என்று இன்னும் தெரியாது.

#2 கோவேறுக்கழுதை

இது தெரியாமலா! 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்'. 1953இல் கேலக்ஸி இதழில் தொடராக வந்து 1954இல் புத்தகம் ஆனது. போலீஸ்காரர் எலைஜா பேலி, ரோபோ ஆர். டேனீல் ஒலிவா. முன்னால் நிற்கும் அந்த 'ஆர்.' ரோபோ என்பதன் சுருக்கம்.

கொலையாளியையும் சொல்லிவிடட்டுமா? ஒரே ஒரு பெயர்தான். இருபத்திரண்டு வருட பாரம் இறங்கிவிடும்.

#3 நடுப்பக்கம்

ஐயோ வேண்டாம்! தலைப்பு தெரிந்ததே போதும், இன்றே தேடி வாங்கிவிடுகிறேன். இணையத்தில் இத்தனை நாள் தேடாததற்கும் அதுதான் காரணம். தலைப்போடு சேர்ந்து கொலையாளியும் வந்து நிற்பான்(ள்).

#4 மட்டுறுத்துநர்

கொலையாளியின் பெயரை ஜாடையாக எழுதினால்கூடப் பதிவு நீக்கப்படும். கழுதையாரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

#5 இரவுவாசி

நடுப்பக்கம், பக்கத்தின் மேல் விளிம்பில் தலைப்பு அச்சாகியிருக்குமே, அதையுமா பார்க்கவில்லை? சும்மா ஒரு சந்தேகம்.

என் அனுபவம் உங்களுடையதற்கு நேர் எதிர். என் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் இருந்தது, நான்தான் இல்லை என்று நினைத்தேன். அண்ணன் அலமாரியில் இருந்து உருவிய 'தி காட்ஸ் தெம்செல்வ்ஸ்'. திறந்தால் முதல் அத்தியாயத்தின் எண் 6. சரி, பைண்டிங்கில் கோளாறு என்று முடிவு செய்து, 1 எங்கே என்று புரட்டிப் புரட்டிக் கண்டுபிடித்து, எண் வரிசைப்படி படித்து முடித்தேன். பிறகுதான் ஆரம்பத்தில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பு கண்ணில் பட்டது. கதை 6இல் தொடங்குவது பிழை அல்ல, அதற்குத் தன்னிடம் காரணம் இருக்கிறது, பேசாமல் படியுங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக, அசிமோவ் கலைத்துப்போட்ட கதையை நான் பிடிவாதமாக அடுக்கி வைத்துப் படித்தவன்.

அந்த நாவல் பிறந்த கதையும் விளையாட்டானதுதான். எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க் ஒரு மேடையில் பேச்சுவாக்கில் 'புளூட்டோனியம்-186' என்று ஒன்றைச் சொன்னார். அப்படி ஒரு ஐசோடோப் (தனிமத்தின் அணு வகை) இருக்கவே முடியாது. அது எங்கே இருக்க முடியும் என்று யோசித்த அசிமோவ், இயற்பியல் விதிகளே வேறாக இருக்கும் இன்னொரு பிரபஞ்சத்தில் கொண்டுபோய் வைத்தார். 1972இல் வந்தது. ஹியூகோ, நெபுலா என்ற அறிவியல் புனைவு விருதுகள் இரண்டும் வாங்கியது. நடுவில் வரும் மூன்று பாலின வேற்றுலக உயிர்களின் பகுதிக்கு இணையாக அவர் வேறு எதுவும் எழுதவில்லை என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

#6 நடுப்பக்கம்

மேல் விளிம்பு எப்போதோ நனைந்து, தாளோடு தாள் ஒட்டிக் காய்ந்து போயிருந்தது. பிரித்தால் கிழியும். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரியே பாதி ஊகம்தான்.

#7 பொடி எழுத்து

இரவுவாசி, என் பேரை ஏன் இழுக்கிறீர்கள்?

நான் முதலில் படித்தது அசிமோவ் என்று எனக்கே பத்து வருடம் தெரியாது. பள்ளி ஆங்கிலப் பாடநூலில் ஒரு குட்டிக் கதை. 2157 மே 17 அன்று ஒரு சிறுமி தன் டைரியில் எழுதுகிறாள்: இன்று டாமி ஒரு நிஜப் புத்தகத்தைக் கண்டெடுத்தான். அவளுக்கு வீட்டிலேயே இயந்திர ஆசிரியர், தனியாக உட்கார்ந்து பாடம். புவியியல் பகுதி வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒருவர் வந்து இயந்திரத்தைத் திறந்து வேகத்தைக் குறைத்துவிட்டுப் போவார். எனக்கு மனசில் நின்றது அந்த ஆள்தான். நமக்கும் ஒருவர் வந்து கணக்கு வாத்தியாரைத் திறந்து வேகத்தைக் குறைக்க மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். பாடம் நடத்தி, கேள்வி பதில் எழுதி, பரீட்சையிலும் எழுதினோம். எழுதியவர் பெயரை யாரும் கவனிக்கவில்லை.

'தி ஃபன் தே ஹேட்', 1951. 2020இல் என் மகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒலியை அணைத்துவிட்டு வகுப்பு கவனிப்பதாக நடித்துக்கொண்டிருந்தபோது எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு மியூட் பட்டன்கூட இல்லையாப்பா?" என்றாள்.

தெரிந்தே படித்தது என்றால் 'தி லாஸ்ட் கொஸ்டின்'. 2061இல் இரண்டு டெக்னீஷியன்கள் குடித்துவிட்டு ஐந்து டாலர் பந்தயம் கட்டுகிறார்கள்: பிரபஞ்சம் தீர்ந்து அணைந்து போவதைத் தடுக்க முடியுமா? மல்டிவாக் கணினியைக் கேட்கிறார்கள். பதில் சொல்லப் போதுமான தரவு இல்லை என்கிறது. அந்தக் கேள்வியை யுகம் யுகமாக யார் யாரோ கேட்டுக்கொண்டே போகிறார்கள். தன் கதைகளில் அசிமோவுக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். 1956இல் எழுதியது.

நடுப்பக்கத்துக்காக இன்னொன்று. இந்தக் கதையைப் படித்தவர்கள் தலைப்பை மறந்துவிடுவார்களாம், சிலர் எழுதியவரையே மறந்துவிடுவார்களாம், கதை மட்டும் அப்படியே நினைவிருக்குமாம். ஒருமுறை ஒருவர் வெகு தொலைவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் எழுதியது என்று நினைக்கிறேன், தலைப்பு ஞாபகமில்லை" என்று ஆரம்பித்திருக்கிறார். அவர் கதையைச் சொல்லும் முன்பே 'தி லாஸ்ட் கொஸ்டின்' என்று சொல்லிவிட்டார் அசிமோவ். அதுவேதான். அந்த ஆள் இவரை மனசைப் படிக்கும் மந்திரவாதி என்றே நினைத்திருக்க வேண்டும். அசிமோவ் இருந்திருந்தால் உங்களுக்கும் இந்த இழை தேவைப்பட்டிருக்காது.

#8 கணக்குப்பிள்ளை

'ஃபவுண்டேஷன்'. கல்லூரி முதல் ஆண்டு. புள்ளியியல் வகுப்பில் ஒரு வாயு மூலக்கூறு எங்கே போகும் என்று சொல்ல முடியாது, கோடிக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்து எப்படி நடக்கும் என்று சொல்லலாம் என்று நடத்திய அதே வாரம். மாலையில் புத்தகத்தைத் திறந்தால் ஹாரி செல்டன் என்ற கணித மேதை மனிதர்களை வைத்து அதையே செய்துகொண்டிருக்கிறார். ஒரு மனிதன் என்ன செய்வான் என்று தெரியாது. ஒரு பேரரசு என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். இரவெல்லாம் தூக்கம் இல்லை. 2008இல் பொருளாதார நோபல் வாங்கிய பால் க்ரூக்மன், தான் பொருளாதாரத்துக்கு வந்ததே இந்தப் புத்தகத்தால்தான் என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. என்ன, அவருக்கு நோபல் கிடைத்தது, எனக்கு கணக்குத் தணிக்கை வேலை கிடைத்தது.

புதிதாகத் தொடங்குபவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

#9 சும்மா படிப்பவள்

இடம் இருக்கிறது, கணக்குப்பிள்ளை சார்.

எனக்கும் முதல் அசிமோவ் 'ஃபவுண்டேஷன்'தான். அதனாலேயே அடுத்த எட்டு வருடம் அவர் பக்கமே போகவில்லை. ஹாரி செல்டன் மேல் ஒரு பிடிப்பு வருவதற்குள் ஐம்பது வருடம் தாண்டி ஆள் போய்விட்டார். அடுத்து வந்த சால்வர் ஹார்டின் பழகுவதற்குள் அவரும் போய்விட்டார். ஒவ்வொரு முறையும் புதுப் பந்தியில் உட்கார்ந்து, இலை போட்டு, பரிமாறும் முன் எழுப்பிவிட்ட மாதிரி. எல்லோரும் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள். போர் என்பார்கள், அதுவும் பேச்சிலேயே முடிந்துவிடும். பெண்கள்? கடைசிப் பகுதியில் ஓர் ஆட்சியாளரின் மனைவி வந்து கணவனைத் திட்டிவிட்டுப் போவதற்குள் புத்தகம் முடியப்போகிறது.

நடுப்பக்கம் மாதிரி ஒரு கொலைக் கதையில் நுழைந்திருந்தால் அந்த எட்டு வருடம் வீணாகியிருக்காது. ஒரு எழுத்தாளரின் எந்தக் கதவு வழியாக உள்ளே போகிறோம் என்பது அவ்வளவு முக்கியம் என்று நினைக்கிறேன்.

#10 கணக்குப்பிள்ளை

மனசு வலித்தாலும் ஒப்புக்கொள்கிறேன். அசிமோவே ஒப்புக்கொண்டதுதான். 1982இல் வெளிவந்த நான்காம் பாகத்தை எழுத உட்கார்ந்தபோது பழைய மூன்றையும் திரும்பப் படித்திருக்கிறார். ஏதாவது நடக்கும் நடக்கும் என்று காத்திருந்தாராம், ஒன்றுமே நடக்கவில்லையாம். மூன்று பாகமும் யோசனையும் பேச்சும் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறார்.

ஆனால் உங்களுக்கு ஒரு தகவல். நீங்கள் பிடிப்பு வைத்த அந்த ஹாரி செல்டன் பகுதிதான் அந்தப் புத்தகத்தில் கடைசியாக எழுதப்பட்டது. மற்ற கதைகள் 1942 முதல் 1944 வரை இதழில் தனித்தனியாக வந்தவை. 1951இல் புத்தகமாகச் சேர்க்கும்போது முகப்பு வேண்டும் என்று புதிதாக எழுதிச் சேர்த்தார். வாசலைக் கடைசியில் கட்டியிருக்கிறார். அந்த வாசல் நன்றாக இருந்ததுதான் உங்கள் பிரச்சினை என்று தோன்றுகிறது.

#11 கோவேறுக்கழுதை

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நானும் ஃபவுண்டேஷன் கூட்டம்தான். கோவேறுக்கழுதை என்பது அதில் வரும் ஓர் ஆளின் பட்டப்பெயர். செல்டனின் கணக்கில் சிக்காத ஒரே மனிதன்.

நான் ஏன் இப்படி ஸ்பாய்லர் பிசாசாக அலைகிறேன் என்று மட்டுறுத்துநருக்கு விளக்க வேண்டிய நேரம் இது. நூலகத்தில் முதலில் கிடைத்தது மூன்றாம் பாகம். ஒன்றும் இரண்டும் வெளியே போயிருந்தன. மூன்றாம் பாகம் தொடங்கும்போதே கோவேறுக்கழுதை யார் என்பது வெட்டவெளிச்சம். அப்புறம் இரண்டாம் பாகம் கிடைத்தது. அந்தப் பாகத்தின் பின்பாதி முழுக்க ஒரே கேள்வியில்தான் ஓடுகிறது: கோவேறுக்கழுதை யார்? எனக்கோ அவன் உள்ளே வந்த முதல் காட்சியிலேயே தெரியும். மற்ற பாத்திரங்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவனையே தேடுகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் கத்த வேண்டும் போலிருந்தது.

எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேர வேண்டாம் என்று நினைக்கிற நல்ல மனசும் எனக்கு உண்டு. ஆனால் அது திங்கள், செவ்வாய் மட்டும்.

#12 மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவை மூன்று முறை படித்துவிட்டேன். யார் என்று சொல்லவில்லை. நீக்கவில்லை. இன்று செவ்வாய்தான்.

#13 புதன்

நாளை என் நாள். என் பெயர் கிழமையில்லை, கிரகம்.

அசிமோவ் வழியாக அந்தக் கிரகத்துக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனது அசிமோவோடு என்று அப்போது தெரியாது, ஏனென்றால் அட்டையில் பால் பிரெஞ்ச் என்று இருந்தது. 1952 முதல் 1958 வரை சிறுவர்களுக்காக ஆறு லக்கி ஸ்டார் கதைகளை அந்தப் புனைபெயரில் எழுதினார். தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. எடுத்துக் கெடுத்துவிட்டால் தன் பெயர் கெடும் என்று பயந்து புனைபெயர் வைத்தார். தொடர் வரவே இல்லை என்பது வேறு விஷயம்.

நான் படித்தது புதன் கிரகத்தில் நடக்கும் கதை, 1956இல் வந்தது. புதனின் ஒரு பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தபடி தகிக்கும், மறுபக்கம் நிரந்தர இரவு. நடுவில் அந்தி மண்டலம். அன்றைக்கு எல்லா வானியல் நூல்களும் அப்படித்தான் சொல்லின. 1965இல் ரேடார் வைத்துப் பார்த்தால் புதன் 59 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. நிரந்தர இரவும் இல்லை, நிரந்தரப் பகலும் இல்லை. கதையின் அஸ்திவாரமே போயிற்று. அசிமோவ் என்ன செய்தார்? கதையை மாற்றவில்லை. பிந்தைய பதிப்பில் ஒரு முன்னுரை எழுதி, இதில் உள்ள அறிவியல் பழசாகிவிட்டது, இப்போது தெரிந்தது இதுதான் என்று சிறுவர்களிடம் நேராகச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வயதில் ஒரு பெரியவர் "நான் எழுதியது தப்பு" என்று அச்சில் சொன்னதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். கதை பாதி மறந்துவிட்டது. முன்னுரை மறக்கவில்லை.

இரண்டாம் முறை 'ரன்அரவுண்ட்'. ரோபோ விதிகள் மூன்றும் (மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, மனிதன் சொன்னதைக் கேள், உன்னைக் காத்துக்கொள்) முதன்முதலில் முழுசாக அச்சான கதை, 1942 மார்ச். புதனில் பவல், டோனவன் என்று இரண்டு பேர். ஸ்பீடி என்ற ரோபோவை செலீனியம் கொண்டுவர அனுப்புகிறார்கள், போகிறபோக்கில் சொன்ன கட்டளை. அங்கே அதற்கு ஆபத்து. ஸ்பீடி விலை உயர்ந்த ரோபோ என்பதால் தன்னைக் காத்துக்கொள்ளும் விதியைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறார்கள். போகச் சொல்கிறது ஒரு விதி, விலகச் சொல்கிறது இன்னொன்று. இரண்டும் சமமாகும் தூரத்தில் அது குடித்தவன் மாதிரி பாட்டுப் பாடிக்கொண்டு செலீனியக் குட்டையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. நான் மென்பொருள் வேலைக்கு வந்த பிறகு, இரண்டு நிபந்தனைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிரல் சுழலில் மாட்டும்போதெல்லாம் சக ஊழியர்களிடம் "ஸ்பீடி குட்டையைச் சுற்றுகிறது" என்பேன். இப்போது அவர்களும் அப்படியே சொல்கிறார்கள். அவர்களில் யாரும் அந்தக் கதையைப் படித்ததில்லை.

#14 சும்மா படிப்பவள்

அந்த முன்னுரை விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. எட்டு வருடம் கழித்து நான் திரும்ப அவரிடம் வந்தது கதை வழியாக இல்லை, கட்டுரை வழியாக. ஓர் இதழில் 1958 முதல் மாதாமாதம் எழுதிய 399 அறிவியல் கட்டுரைகள் இருக்கின்றன. அதில் ஒன்று தவறுகளைப் பற்றியது. பூமி தட்டை என்றவனும் தப்பு, உருண்டை என்றவனும் தப்பு, துருவங்களில் சற்றே சப்பையானது. ஆனால் இரண்டு தப்பும் ஒரே அளவு என்று நினைத்தால் அது இரண்டையும் விடப் பெரிய தப்பு என்கிறார். தட்டை என்பவனின் கணக்கில் ஒரு மைலுக்கு வளைவு பூஜ்யம், உண்மையில் சுமார் எட்டு அங்குலம். அவ்வளவு சின்ன வித்தியாசம்தான், ஆனால் அதை விட்டால் உலகப் படமே வரைய முடியாது.

நாவலில் எனக்கு அலுப்பு தந்த அதே பேச்சு நடை கட்டுரையில் எவ்வளவு இதமாக இருக்கிறது! பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி.

#15 புதுசு_01

நான் 2004இல் வந்த 'ஐ, ரோபோ' படம் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்கினேன். துரத்தல் காட்சியைத் தேடிக்கொண்டே முடித்துவிட்டேன். இல்லை.

#16 பொடி எழுத்து

வாருங்கள் புதுசு. அது 1950இல் வந்த சிறுகதைத் தொகுப்பு, படத்துக்கும் அதற்கும் விதிகளும் சில பெயர்களும்தான் பொது. படத்தில் வரும் ரோபோ உளவியலாளர் சூசன் கால்வினை மறந்துவிட்டுப் புத்தகத்தில் வரும் சூசன் கால்வினை இன்னொரு முறை சந்தித்துப் பாருங்கள்.

#17 நடுப்பக்கம்

புத்தகம் வந்துவிட்டது! நேற்று இரவு தொடங்கினேன். முதல் பக்கத்திலிருந்தே படிக்கிறேன், என் பிரதியில் ஆரம்பத்திலும் சில தாள்கள் இல்லாதது இப்போதுதான் தெரிகிறது. போலீஸ் கமிஷனரின் அறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது, நிஜ ஜன்னல், அதன் வழியாகப் பேலி மழையைப் பார்க்கிறான். அந்த உலகில் அது ஒரு விநோதப் பொருள். இதைப் படிக்காமலா இத்தனை வருடம் இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்?

இன்னொன்று உறைத்தது. இவ்வளவு நெருக்கடி, பொதுச் சமையலறை, பொதுக் குளியலறை, ஈஸ்ட்டில் செய்த சாப்பாடு எல்லாம் எதனால் என்றால், பூமியின் மக்கள்தொகை 800 கோடி ஆகிவிட்டதாம். அவர் எழுதியபோது உலகம் 300 கோடியைக்கூடத் தொடவில்லை. வெகு தொலைவான எதிர்காலத்தில் வரும் பயங்கரமான எண் என்று போட்டிருக்கிறார். 2022 நவம்பரில் நாம் அதைத் தொட்டுவிட்டோம் என்று ஐ.நா. அறிவித்தது நினைவிருக்கிறது. ஜன்னலைத் திறந்து பார்த்தேன், வானம் இருந்தது.

#18 இரவுவாசி

அந்த மூடிய நகரங்களை எல்லோரும் கொடுங்கனவாகப் படிப்பார்கள். அசிமோவுக்கு அப்படி இல்லை. மூடிய, சின்ன இடங்கள் அவருக்குப் பிடிக்கும். சுரங்க ரயில் நிலையத்தில் பத்திரிகைக் கடை வைத்திருப்பவர்களைப் பார்த்து சிறுவயதில் பொறாமைப்பட்டதாக எழுதியிருக்கிறார்: கதவைச் சாத்திக்கொண்டு, ரயில் ஓடும் சத்தம் கேட்டபடி உள்ளே படித்துக்கொண்டே இருக்கலாமே என்று. விமானம் ஏறவும் பயம்.

அவருடைய முதல் அறிவியல் புனைவும் கடையில்தான் கிடைத்தது, அப்பாவின் மிட்டாய்க் கடையில் விற்ற இதழ்கள். குப்பை, படிக்காதே என்று அப்பா தடுத்திருக்கிறார். 1929இல் ஓர் இதழின் பெயரில் 'சயின்ஸ்' என்ற சொல் இருந்ததைக் காட்டி, இது படிப்புக்கானது என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டார். ஒன்பது வயது.

#19 கோவேறுக்கழுதை

நடுப்பக்கம், எந்த அத்தியாயத்தில் இருக்கிறீர்கள்? இன்று வியாழன். எனக்குக் கை அரிக்கிறது.

#20 நடுப்பக்கம்

முடித்துவிட்டேன். இரவு இரண்டரை மணி.

என் பழைய பிரதியில் இல்லாமல் போனது கடைசிப் பன்னிரண்டு பக்கம்தான். இத்தனை வருடம் நான் மனசுக்குள் கைது செய்து வைத்திருந்த ஆள் குற்றவாளி இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கோபம் என்னவென்றால், விடைக்கு வேண்டிய துப்பு அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் இல்லை. ரயிலில் என் கையில் இருந்த பக்கங்களிலேயே கிடந்திருக்கிறது. நான் செருப்புக் கடைக் காட்சியை மூன்றாம் முறை படிப்பதற்காக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், மட்டுறுத்துநர் பொறுத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் அந்த ரோபோவோடு சேர்ந்து நடக்கவே கூசுகிறான் பேலி. கடைசி வரியில் அதன் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறான், இருவரும் கைகோத்தபடி கதவைத் தாண்டி வெளியே போகிறார்கள். எனக்கு அது தெரியாமல் இருபத்திரண்டு வருடம் அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

#21 மட்டுறுத்துநர்

கைகோப்பது ஸ்பாய்லர் கணக்கில் வராது. இருக்கட்டும்.

#22 கோவேறுக்கழுதை

அடுத்தது 'தி நேக்கட் சன்', 1957. அதே இரண்டு பேர், இந்தமுறை வேறு கிரகம், மனிதர்கள் நேரில் சந்திக்கவே அருவருப்படைகிற ஊர். அதிலும் ஒரு கொலை. வாங்கியதும் முதலில் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். படிக்காமல், எண்ணை மட்டும்.